செட்டாக மாற்றினால் சரியாகிவிடுமா?

ஹல்துமுல்லையிலோ பெரகலையிலோ, அங்கிருந்து மேலே ஹப்புத்தளை, பண்டாரவளை, பதுளை வரைக்குமோ எந்தக் கராஜில் வண்டியை விட்டு ‘டியூன் அப்’ என்று சொன்னாலும், பொனட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடும்: “மலை ஏறுற வண்டி அண்ணே, செட்டாவே போட்டுருவோம்.” பழைய காராக இருந்தால் செட் என்பது நான்கு பிளக், பொயின்ட், கொன்டென்சர், ரொட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ஹைடென்ஷன் வயர்கள். சட்டைப்பை கொஞ்சம் கனமாகத் தெரிந்தால் கொயிலும் சேரும். புதிய காராக இருந்தால் நான்கு இரிடியம் பிளக், நான்கு கொயில். கராஜ்காரர் மட்டும் இப்படிச் சொல்வதில்லை. ஓட்டோ ஸ்டாண்டில் நிற்பவர்கள், வான் ஓட்டுபவர்கள், மொரிஸ் மைனரை இன்னும் கைவிடாத ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஞானம் இது. எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. இக்னிஷன் பாகம் ஒன்றை எப்போது மாற்றுவது என்பதை அந்தப் பாகத்தைக் கழற்றிப் பார்த்து, அளந்த பிறகுதான் சொல்ல முடியும். பார்க்காமல் செட்டாக மாற்றுவதால் காசு போகிறது. பல வேளைகளில் நன்றாக ஓடிய வண்டியும் சேர்ந்து கெடுகிறது.

எதிர்த்தரப்பு வாதத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுவதுதான் நியாயம். பலாங்கொடைப் பக்கமிருந்து வரும் ஏ4 வீதி பெலிஹுல்ஓயா தாண்டியதும் நிமிரத் தொடங்குகிறது. ஹல்துமுல்லை வழியாகப் பெரகலைச் சந்திக்கு வந்தால் ஒரு கிளை ஹப்புத்தளைக்கு ஏறுகிறது, மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. ஹப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,430 மீற்றர். இந்த ஏற்றத்தில் எஞ்சின் இரண்டாம் கியரில் முக்குகிறது, மேலே பனிமூட்டம் நனைக்கிறது, இரவில் நின்றுபோனால் உதவிக்கு ஆளில்லை. ஆகவே இங்கே ஓடும் வண்டிக்குக் கைநூலில் எழுதியிருக்கும் கிலோமீற்றர் பொருந்தாது. முன்கூட்டியே எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே புத்தி. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் இதற்கு ஓர் உவமையும் வைத்திருக்கிறார்கள். தேயிலைக்குக் கவ்வாத்து எப்படியோ வண்டிக்கு டியூன் அப் அப்படி, காலம் வந்தால் வெட்டித்தான் ஆகவேண்டும் என்பார்கள். உவமை அழகானதுதான், ஆனால் அது அவர்கள் கட்சிக்கு உதவாது. கவ்வாத்து வெட்டும் காலம்கூட எல்லா மலைக்கும் ஒன்றல்ல. தாழ்நிலத் தேயிலைக்குச் சீக்கிரம் வரும், உயர்நிலத்துக்குத் தாமதமாக வரும். செடி வளர்ந்த உயரத்தைப் பார்த்துத்தான் கத்தியை எடுக்கிறார்கள்.

மலை பிளக்கைத் தின்கிறது என்ற முதல் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நான் மறுக்கப் போவதில்லை. பிளக்கின் மின்முனை தேய்வது வண்டி கடந்த தூரத்தால் அல்ல, விழுந்த தீப்பொறிகளால். நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு பிளக்கும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பொறிவிடும். மொரிஸ் மைனர் ஒன்று டொப் கியரில் ஒரு கிலோமீற்றர் போக எஞ்சின் ஏறத்தாழ 2,500 தடவை சுற்றுகிறது. அதாவது பிளக் ஒன்றுக்கு 1,250 பொறி. அதே கிலோமீற்றரை இரண்டாம் கியரில் ஏறினால் சுற்று 6,000ஐத் தொடும், பொறி 3,000. ஆகவே ஏற்றத்தில் ஓடிய கிலோமீற்றருக்குச் சமவெளிக் கிலோமீற்றரைவிட இரண்டு மடங்குக்கு மேல் தேய்வு உண்டு. ஜப்பானியர்கள் இதே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள். என்ஜிகே நிறுவனம் ஜப்பானில் சாதாரண பிளக்குக்கு 15,000 முதல் 20,000 கிலோமீற்றர் என்று சொல்லிவிட்டு, 660 சீசீ சிறு கார்களுக்கு மட்டும் அதைப் பாதியாக்கி 7,000 முதல் 10,000 என்கிறது. சின்ன எஞ்சின் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றவேண்டும் என்பதே காரணம். இலங்கை வீதிகளில் ஓடும் ஜப்பானிய வெகன்ஆர், அல்டோ பலவும் அந்த வகைதான். ஆகவே ஹல்துமுல்லையில் ஓடும் வெகன்ஆரின் சாதாரண பிளக்கைக் கொழும்பில் ஓடும் கொரோலாவின் பிளக்கைவிட அடிக்கடி கழற்றிப் பார்க்கவேண்டும் என்றால் நான் கையெழுத்துப் போடுவேன்.

ஆனால் இந்தக் கணக்கு பிளக்குக்கும் பொயின்டுக்கும் மட்டும்தான். தீப்பொறியால் உண்மையில் அரிக்கப்படுபவை அவைதான். ரொட்டரும் மூடியின் முனைகளும் மெதுவாக, வருடக்கணக்கில் அரிக்கும். கொன்டென்சர், கொயில், வயர் இவை பொறி எண்ணிக்கையால் தேய்பவை அல்ல. சூடு, ஈரம், அதிர்வு இவற்றால் ஒருநாள் கெடும், அதுவரை நன்றாகவே வேலைசெய்யும். 30,000 கிலோமீற்றர் ஓடிய நல்ல கொன்டென்சர் 10,000 ஓடியதைவிட எந்த வகையிலும் குறைந்ததல்ல. தேயும் பாகத்துக்கான நியாயத்தை எடுத்துத் தேயாத பாகத்தின் தலையில் கட்டுவதில்தான் ‘செட்’ தந்திரம் இருக்கிறது.

அந்தப் பாதி உண்மைக்குள்ளும் ஒரு வேடிக்கை உண்டு. பிளக்கின் நுனி ஏறக்குறைய 450 பாகை செல்சியஸைத் தாண்டினால்தான் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். லயத்திலிருந்து டவுனுக்குப் போய்க் கடையில் நின்று திரும்பும் குறுகிய ஓட்டத்தில் அந்தச் சூடு வருவதில்லை, கரி ஏறுகிறது. நீண்ட ஏற்றத்தில் எஞ்சின் பாரம் சுமக்கும்போது சூடு ஏறிக் கரி எரிகிறது. கரியைப் பொறுத்தவரை பெரகலை ஏற்றம் பிளக்குக்கு எதிரியல்ல, அதைத் துடைத்துவிடும் கை. அப்படியானால் மலைநாட்டுக் காரின் பிளக் ஏன் அடிக்கடி கறுத்துப்போய் வருகிறது? இங்கேதான் செட் மாற்றுகிறவர்கள் உண்மைக் காரணத்தைத் தவறவிடுகிறார்கள்.

1,400 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 85 வீதம்தான். கார்புரேட்டர் உள்ள எஞ்சினுக்கு இது தெரியாது. கொழும்பில் சரியாக வைத்த ஜெட்டும் ஊசியும் இங்கே காற்றுக்கு மிஞ்சிய பெற்றோலைத் தருகின்றன. அதோடு காலைக் குளிரில் சோக்கை இழுத்துவிட்டு, அதை உள்ளே தள்ள மறந்து சந்தி வரைக்கும் போகிற பழக்கமும் இருக்கிறது. எயார் கிளீனரில் தேயிலைத் தூசும் மண்ணும் அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். விளைவு, உலர்ந்த கருங்கரி. இந்தப் பிளக்கைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போட்டால் வண்டி ஒரு வாரம் துள்ளும், பிறகு அதே கரி, அதே தடுமாற்றம். “பிளக் டூப்ளிகேட் போல” என்று அடுத்த செட் வரும். கார்புரேட்டரின் கலவைத் திருகில் கால் சுற்றுத் திருப்பியிருந்தால் பழைய பிளக்கே தூரிகை பட்டு இன்னும் வருடக்கணக்கில் ஓடியிருக்கும்.

கறுப்பு உலர்ந்திருக்காமல் ஈரமாக, எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தால் கதை வேறு. வெல்லவாயப் பக்கமோ பெலிஹுல்ஓயாப் பக்கமோ கியரில் பிடித்துக்கொண்டு இறங்கும்போது திரொட்டில் மூடிக் கிடக்கும், எஞ்சின் வேகமாகச் சுற்றும், உள்ளே உறிஞ்சும் சக்தி கூடும். வால்வ் சீல் தேய்ந்திருந்தால் அந்த உறிஞ்சலில் எண்ணெய் வால்வ் வழியாக இறங்கிப் பிளக்கில் படியும். அடிவாரத்தில் அக்ஸலரேட்டரை மிதித்ததும் பின்னால் நீலப் புகை எழுவதை யாரும் பார்த்திருக்கலாம். அது வால்வ் சீல் கேட்கும் வண்டி. அதற்குப் பிளக் போடுவதும் போடாததும் ஒன்றுதான்.

இப்போது பொயின்டுக்கு வருவோம். செட் பழக்கம் அதிகம் கேடு செய்வது இங்கேதான். சார்ல்ஸ் கெட்டரிங் 1910 கெடிலாக்கில் கொண்டுவந்த பட்டரி இக்னிஷன் முறை, மொரிஸ் மைனர், ஒஸ்டின், டட்சன் 1200 வரைக்கும் அடிப்படையில் மாறாமல் வந்தது. பொயின்ட் மூடியிருக்கும்போது கொயிலில் மின்சாரம் ஏறுகிறது. கேம் அதைத் திறக்கும் கணத்தில் கொயில் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட் ஆக்கிப் பிளக்குக்கு அனுப்புகிறது. ஆகவே பொயின்ட் எப்போது திறக்கிறது என்பதுதான் பொறி எப்போது விழுகிறது என்பது. இடைவெளியைக் கூட்டினால் பொயின்ட் முன்னதாகத் திறக்கும், டைமிங் முந்தும். குறைத்தால் பிந்தும். லூகஸ் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள மைனருக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர் என்று கைநூல் சொல்வது சும்மா அல்ல.

புதுப் பொயின்ட் போட்டவர் ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி பார்த்தாரா? பார்த்த பிறகு டைமிங் லைட் பிடித்து டைமிங்கையும் சரிசெய்தாரா? இரண்டாவது கேள்விக்கு ஆம் என்று பதில் வருவது அபூர்வம். அதைவிட முக்கியமானது, புதுப் பொயின்டின் குதிகால் கேமோடு உரசிப் படியும் வரை முதல் சில நூறு கிலோமீற்றரில் வேகமாகத் தேயும். கேமில் கொஞ்சம் கிறீஸ் தடவாவிட்டால் இன்னும் வேகமாக. குதிகால் தேய்ந்தால் இடைவெளி சுருங்கும், டைமிங் பிந்தும். டைமிங் பிந்திய எஞ்சின் சமவெளியில் சமாளித்துக்கொள்ளும், ஏற்றத்தில் மூச்சிழுக்கும், தண்ணீர் கொதிக்கும். ‘செட் போட்டு ஒரு மாசத்துலயே இழுவை போயிருச்சு’ என்று புலம்பிக்கொண்டு வருகிறவரின் வண்டியில் கெட்டது எதுவுமில்லை. புதிதாகப் போட்டதுதான் காரணம். பழைய பொயின்ட் படிந்து, நிலைத்து, நடுநிலையான டைமிங்கில் ஓடிக்கொண்டிருந்தது.

டிஸ்ட்ரிபியூட்டரின் நடுத்தண்டு புஷ்ஷில் ஆடிக்கொண்டிருந்தால் இன்னொரு சங்கடம். ஒவ்வொரு கேம் முகட்டிலும் இடைவெளி ஒவ்வொரு மாதிரி வரும். ஒரு சிலிண்டருக்கு முந்தும், அடுத்ததற்குப் பிந்தும். இந்த வண்டிக்கு வருடம் நான்கு பொயின்ட் போட்டாலும் ஓட்டம் சீராகாது. விரலால் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க அரை நிமிடம் போதும். வெக்யூம் அட்வான்சின் சவ்வு கிழிந்திருக்கிறதா என்று குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்க்க இன்னும் அரை நிமிடம். ‘செட்’ பெட்டியில் இந்த இரண்டுக்கும் மருந்து கிடையாது, ஆகவே அவற்றைப் பார்க்கும் வழக்கமும் இல்லை.

பழைய பொயின்டைக் கழற்றியதும் குப்பையில் போடுவதை நான் ஒரு குற்றமாகவே கருதுகிறேன். அதன் முகத்தில் சாட்சியம் இருக்கிறது. இரு முகமும் சாம்பல் நிறத்தில் சமமாக இருந்தால் எல்லாம் நலம்; மெல்லிய அரத்தால் ஒரு இழுப்பு, இடைவெளி பார்த்து மறுபடி போடலாம். ஒரு முகத்தில் குழியும் மறு முகத்தில் அந்தக் குழிக்கு ஏற்ற மேடும் இருந்தால் கொன்டென்சரின் கொள்ளளவு வண்டிக்குப் பொருந்தவில்லை. நீலமாக எரிந்திருந்தால் கொன்டென்சர் இணைப்பு மோசம், அல்லது எண்ணெய் ஏறியிருக்கிறது, அல்லது கொயிலுக்கு அளவுக்கு மிஞ்சிய மின்சாரம் போகிறது. பொயின்டையும் கொன்டென்சரையும் ஒன்றாகத் தூக்கி எறிந்தால், எது எதைக் கெடுத்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது. அடுத்த பொயின்டும் அதே காரணத்தால் அதே மாதிரி எரியும்.

கொன்டென்சரைப் பற்றி இன்னும் சொல்லவேண்டும். இது பொயின்ட் திறக்கும்போது அங்கே பொறி பறக்காமல் மின்சாரத்தைத் தாங்கிக்கொள்ளும் சின்ன உருளை. கொள்ளளவு சுமார் 0.2 மைக்ரோ ஃபரட்; விலையும் சின்னதுதான். மலிவாக இருப்பதால்தான் ‘இதையும் போட்டுருவோம்’ பட்டியலில் முதலில் வருகிறது. ஆனால் மைனரின் காலம் 1948இல் தொடங்கி 1970களின் தொடக்கத்தோடு முடிந்தது. அந்த வகைக் கார்களுக்கு இன்று பெரிய அளவில் பாகம் செய்கிறவர்கள் குறைவு. பெட்டியில் என்ன பெயர் அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருப்பது எங்கே செய்தது என்று சொல்ல முடியாத நிலை. இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் பழைய கார் வைத்திருப்பவர்கள் புதுக் கொன்டென்சர்கள் சூடேறியதும் செத்துப்போவதாக வருடக்கணக்கில் முறையிட்டு வருகிறார்கள். சிலர் கொன்டென்சரை டிஸ்ட்ரிபியூட்டருக்கு வெளியே, சூடு படாத இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ரொட்டரிலும் இதே கதை. பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் வழியாகப் பொறி கீழே தண்டுக்குப் பாய்ந்து, வண்டி சொல்லாமல் நின்றுவிடும். இந்த நிலையில் நன்றாக வேலைசெய்யும் பழைய கொன்டென்சரையும் ரொட்டரையும் கழற்றிவிட்டுப் புதிது போடுவது முன்னெச்சரிக்கை ஆகாது, சூதாட்டம்தான்.

கொயிலில் இந்த அவசரம் இன்னும் ஆபத்து. சாதாரண 12 வோல்ட் கொயிலின் முதன்மைச் சுற்றில் மின்தடை சுமார் 3 ஓம். பெலஸ்ட் ரெசிஸ்டரோடு ஓட வடிவமைத்த கொயிலில் சுமார் 1.5 ஓம். வெளியில் இரண்டும் ஒரே உருளை, ஒரே ஸ்குரூ. பெலஸ்ட் இல்லாத வண்டிக்கு 1.5 ஓம் கொயிலை மாட்டினால் பொயின்ட் வழியாக இரண்டு மடங்கு மின்சாரம் பாயும். புதுப் பொயின்ட் கொஞ்ச நாளிலேயே எரியும், கொயிலும் கொதிக்கும். மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் இதைக் கடைக்காரர் மேசையிலேயே பார்த்துவிடலாம். கேட்டு வாங்குகிறவர்கள் மிகச் சிலர்.

எதிர்த்தரப்புக்கு ஒரு நல்ல வாதம் இருப்பது ஈரத்தில். இதை ஒப்புக்கொள்கிறேன். பெரகலைக்கு மேலே ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை பனியும் மழையும் மாறிமாறி வரும்போது, ஹைடென்ஷன் வயரின் உறையில் மயிரிழை வெடிப்பு இருந்தாலே பொறி வெளியே ஓடிவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் படிந்தால் கரிக்கோடு விழும், அந்தக் கோடு மின்சாரத்துக்குப் பாதையாகிவிடும். ஆனால் இதைக் கண்டுபிடிக்கக் கிலோமீற்றர் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, வயர்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்த்தால் கசியும் இடத்தில் நீலப் பொறி மின்னும். ஹப்புத்தளைப் பனியில் தண்ணீர் தெளிக்கும் சிரமமும் இல்லை. வயரின் மின்தடையை மீட்டரில் அளக்கலாம். டொயோட்டா தன் பழுதுபார்ப்பு நூல்களில் ஒரு வயருக்கு 25 கிலோஓம் வரை எல்லை வைத்திருந்தது. எல்லையைத் தாண்டிய ஒரு வயரை மாற்றினால் போதும், நான்கையும் அல்ல. பருவமே இங்கே ஒரு பரிசோதனைக் கருவி. ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுக்கும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான வறண்ட காற்றில் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடி, நவம்பரில் மட்டும் தடுமாறினால் பிளக்கைக் குற்றம் சொல்லாதீர்கள். வயரும் மூடியும்தான் சந்தேக நபர்கள். வருடம் முழுவதும், ஏற்றத்தில் மட்டும் தடுமாறினால் பிளக் இடைவெளியைப் பாருங்கள். பாரம் கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பொறி தாண்ட அதிக வோல்ட் தேவைப்படும். தேய்ந்து அகன்ற இடைவெளி முதலில் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

இந்த இடத்தில் ‘ஓடுற வரைக்கும் ஓடட்டும்’ கட்சிக்காரர்கள் என்னைத் தம்மவன் என்று நினைத்துவிடக்கூடாது. அவர்களும் பார்க்காமல்தான் முடிவெடுக்கிறார்கள். தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக் கொயிலிடம் அதிக வோல்ட் கேட்டு அதன் காப்பை உடைக்கும். எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குப் போனால் புதிய கார்களின் கெட்டலிட்டிக் கொன்வேர்ட்டர் சூடேறி உருகும். அதன் விலைக்கு எத்தனை பிளக் வாங்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய பிரித்தானிய கார்க் கைநூல்கள் பிளக்கை 6,000 மைலில் கழற்றிச் சுத்தம் செய்து இடைவெளி பார், 12,000 மைலில் மாற்று என்று இரண்டு படியாகத்தான் சொன்னன. முதல் படியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் ஒரு கட்சி, இரண்டையும் மறந்தவர்கள் மறு கட்சி.

புதிய கார்களில் பொயின்டும் இல்லை, கொன்டென்சரும் இல்லை. பிளக்குக்கு ஒன்றாகக் கொயில் தலையில் உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் செட் ஞானம் அப்படியே இடம்பெயர்ந்து வந்துவிட்டது. ஒரு சிலிண்டர் தவறினால் நான்கு கொயிலும் மாற்ற வேண்டுமாம். ஸ்கேனரில் பி0302 என்று வந்தால் இரண்டாம் சிலிண்டர் தவறுகிறது. அந்தக் கொயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0303 ஆக மாறினால் கொயில் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கையோ இன்ஜெக்டரையோ அழுத்தத்தையோ பார்க்கவேண்டும். செலவு பத்து நிமிடம். இந்தப் பத்து நிமிடத்தைச் சேமிக்கத்தான் நான்கு கொயிலின் விலையை வாடிக்கையாளர் தலையில் கட்டுகிறார்கள்.

‘இரிடியம்’ என்ற பெயரிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. இரிடியம் என்றாலே லட்சம் கிலோமீற்றர் என்று ஒரு சாரார் நம்புகிறார்கள். நடு மின்முனை, தரை மின்முனை இரண்டிலும் விலையுயர்ந்த உலோகம் உள்ள நீடித்த வகைக்குத்தான் ஜப்பானில் 100,000 கிலோமீற்றர் சொல்கிறார்கள், சிறு கார்களுக்கு அதிலும் பாதி. நடுமுனையில் மட்டும் இரிடியம் வைத்த வகைக்குச் சாதாரண பிளக்கின் ஆயுள்தான். ஆகவே பெட்டியில் எந்த வகை என்று பார்த்து, போட்ட கிலோமீற்றரைக் குறித்து வைத்தால்தான் கணக்குத் தேறும். இன்னொரு பக்கம், லட்சம் ஓடவேண்டிய பிளக்கை 20,000இல் ‘டியூன் அப்’ என்று கழற்றி எறிகிறவர்களும் இருக்கிறார்கள். என்ஜிகேயும் டென்சோவும் போலிப் பிளக்குகள் குறித்துத் தொடர்ந்து எச்சரித்து வருகின்றன. வண்டியோடு தொழிற்சாலையிலிருந்து வந்த அசலைக் கழற்றிவிட்டு, நம்பகமில்லாத ஒன்றை மாட்டிக்கொண்டு வீடு திரும்புவது நல்ல வியாபாரமா? அலுமினிய எஞ்சின் தலையில் பிளக்கைத் தேவையில்லாமல் கழற்றி மாட்டுவதற்கும் ஒரு விலை உண்டு. புதிய வொஷரோடு கையால் இறுக்கிய பிறகு அரை முதல் மூன்றில் இரண்டு சுற்று, பழைய வொஷருக்குப் பன்னிரண்டில் ஒரு சுற்று. இதை மீறி இழுத்தால் புரி கிழியும், அந்தச் செலவு செட்டின் விலையைத் தாண்டும்.

புகைப் பரிசோதனைக் காலத்தில் இந்தப் பழக்கம் உச்சத்துக்குப் போகிறது. 2008இல் தொடங்கிய இந்தப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வருமான வரிப்பத்திரம் கிடைக்காது. ‘பாஸ் ஆகணும்னா பிளக் செட் போடுங்க’ என்பது வாய்ப்பாடு. பெற்றோல் வண்டியில் பரிசோதனை பார்ப்பது காபன் மொனொக்சைடையும் எரியாத ஹைட்ரோகாபனையும். இரண்டாவது கூடியிருந்தால் பிளக்கோ வயரோ தவறியிருக்கலாம், பார்க்கலாம். முதலாவது கூடியிருந்தால் பெற்றோல் அதிகமாகிறது என்று பொருள். பிளக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எயார் கிளீனரையும் கலவையையும் பாருங்கள். தோல்விச் சீட்டில் எந்த எண் மிஞ்சியிருக்கிறது என்று படித்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கடைசியாக, இரவுப் பயம். கொஸ்லந்தை இறக்கத்தில், ஆளில்லாத வளைவில், மழையில் வண்டி நின்றால் என்ன செய்வது? இந்தப் பயத்தை நான் இலேசாக எண்ணவில்லை. அதே பயம்தான் என்னைச் செட்டுக்கு எதிராகத் தள்ளுகிறது. மின்பாகங்களில் புதிதாகப் போட்டது முதல் சில நாட்களில் கெடும் வாய்ப்பு, நெடுநாள் ஓடித் தன்னை நிரூபித்ததைவிட அதிகம். ஒரே நாளில் ஆறு பாகம் மாற்றினால் நிரூபிக்கப்படாத ஆறு பாகத்தோடு மலை இறங்குகிறீர்கள். நின்றுபோனால் ஆறில் எது என்று டோர்ச் வெளிச்சத்தில் தேடவேண்டும். ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் சந்தேகமும் ஒன்றின் மேல்தான். பழையதைத் திரும்ப மாட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம். ஆகவே முன்னெச்சரிக்கையாளர் செய்யவேண்டியது, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு புதிய கொன்டென்சரையும் ரொட்டரையும் மாட்டி, சில வாரம் ஓட்டி, அவை தேறினால் கழற்றிப் பொட்டலமாக டிக்கியில் வைப்பது. பெட்டி உடைக்காத புதிய உதிரிப்பாகம் இரவு வளைவில் வெறும் நம்பிக்கை மட்டுமே.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2022இல் டொலருக்கு 200 ரூபாயாக இருந்தது சில வாரங்களில் 360ஐத் தாண்டி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்கள் மறுபடி வரத் தொடங்கின. இடைப்பட்ட காலத்தில் பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பிப் பாகம் எடுப்பித்தவர்களுக்கு ஒரு பிளக்கின் விலை என்ன ஆனது என்று தெரியும். அந்த நெருக்கடியில் அரம், ஃபீலர் கேஜ், மண்ணெண்ணெய்த் தூரிகை எல்லாம் மீண்டும் கைக்கு வந்தன. செட் மாற்றாமலே வண்டிகள் பெரகலை ஏறின. வசதி திரும்பியதும் பழைய பழக்கமும் திரும்பிவிட்டது.

கராஜ்காரர்களை நான் வில்லனாக்கவில்லை. பாகம் விற்றால் அவருக்குக் காசு. ஒரு மணி நேரம் குனிந்து, அளந்து, ‘இதில் ஒன்றும் கெடவில்லை, டைமிங் மட்டும் பார்த்தேன்’ என்று சொன்னால் நாம் கொடுப்பது தேநீர்க் காசு. பார்வைக்கும் அளவுக்கும் கூலி இல்லாத இடத்தில் பாகம்தான் கூலியாகிறது. ஆகவே அடுத்த முறை வண்டியை விடும்போதே பேசிக்கொள்ளுங்கள்: பார்க்கும் கூலி தனி, மாற்றும் பாகம் தனி, கழற்றிய பழசு எல்லாம் ஒரு பையில் என் கைக்கு வரவேண்டும், பிளக் நான்கும் சிலிண்டர் வரிசையில் குறியிட்டு. பையைக் கேட்டதும் செட்டின் நீளம் எப்படிக் குறைகிறது என்று பாருங்கள்.